காயமுற்றவரின் நாட்டைக் கேட்காதவர்: ஹென்றி டுனாண்ட்



புனித ஞானப்பிரகாசியாரை அறியாத பங்கு நம்மிடையே குறைவு. இளைஞர்களின் பாதுகாவலராக நாம் வணங்கும் அவர் 1568ஆம் ஆண்டு வடஇத்தாலியின் லொம்பார்டி பகுதியில், காஸ்தில்யோனே என்னும் சிற்றூரின் அரண்மனையில் பிறந்தார். தம் உரிமைகளையெல்லாம் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கொள்ளைநோயால் வீழ்ந்தவர்களைத் தோளில் தூக்கிச் சென்று பணிவிடை செய்து, அந்நோயாலேயே 1591ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், 23 வயதில் இறந்தார். அவருடைய மண்டையோடு இன்றும் அவ்வூர்ப் பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அதே ஊர் 268 ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு காரணத்துக்காக உலக வரலாற்றில் இடம்பெற்றது. ஞானப்பிரகாசியாரின் திருநாள் முடிந்து மூன்றே நாட்களில், 1859 ஜூன் 24 அன்று, புனித திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா நாளில், அவ்வூருக்கு அருகிலுள்ள சோல்ஃபெரினோ குன்றுகளில் மூன்று அரசுகளின் படைகள் மோதின. ஒரு பக்கம் ஆஸ்திரியா. மறுபக்கம் பிரான்சும் சார்தீனியாவும். ஏறத்தாழ 3 இலட்சம் படைவீரர்கள் களத்தில் இருந்தனர். பேரரசர் மூன்றாம் நெப்போலியன், பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப், அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் ஆகிய மூவரும் தாமே படை நடத்தினர். விடியற்காலையில் தொடங்கிய போர் மாலையில் பெருமழையோடு முடிந்தபோது, இறந்தவர்களும் காயமுற்றவர்களுமாக ஏறக்குறைய 40,000 பேர் விழுந்து கிடந்தனர்.

அன்று மாலை காஸ்தில்யோனே ஊருக்குள் ஒரு பயணி வந்து சேர்ந்தார். அவர் மருத்துவர் அல்லர், படைவீரர் அல்லர், துறவியும் அல்லர். வெள்ளை உடை அணிந்த 31 வயது சுவிஸ் வணிகர். அவர்தான் ஹென்றி டுனாண்ட்.

அவரைப் புனிதராக்கிக் காட்டும் எண்ணம் நமக்கு இல்லை. அவர் அங்கு வந்ததே தொழில் சம்பந்தமாகத்தான். 1828 மே 8 அன்று ஜெனீவாவில், கல்வின் மரபைப் பின்பற்றிய பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பில் தேறவில்லை. மதிப்பெண் போதாமல் பள்ளியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வங்கி ஒன்றில் தொழில் பழகினார். ஓய்வு நேரத்தில் ஏழைகளையும் சிறையில் இருப்போரையும் சந்தித்துவந்தார். ஒய்.எம்.சி.ஏ. என நாம் அறியும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தை 1852இல் ஜெனீவாவில் நிறுவியவரும் அவரே. பின்னர் அல்ஜீரியாவில் மாவு ஆலைத் தொழில் தொடங்கினார். அது பிரான்சு பிடித்து வைத்திருந்த நாடு. ஆலைக்கு வேண்டிய நிலமும் நீர் உரிமையும் அதிகாரிகளிடமிருந்து கிடைக்கவில்லை. ஆகவே நேரே பேரரசரையே பார்த்துவிடலாம் என்று, அவரைப் புகழ்ந்து எழுதிய நூல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போர் நடந்த இடத்துக்கே கிளம்பிவிட்டார். நம் ஊரில் காரியம் ஆக வேண்டி அமைச்சரின் சுற்றுப்பயணத்தைப் பின்தொடர்ந்து ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அப்படித்தான்.

ஊருக்குள் அவர் கண்டது வேறு. போர்க்களத்திலிருந்து வண்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் நடந்தும் தவழ்ந்தும் காயமுற்றோர் வந்துகொண்டே இருந்தனர். அடுத்த சில நாட்களில் அச்சிற்றூரில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். வீடுகள், மடங்கள், படைமுகாம்கள், கோவில்கள் எல்லாம் நிறைந்து, தெருவிலும் முற்றத்திலும் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். ஊரின் பெரிய கோவிலில் மட்டும் சுமார் 500 பேர் நெருக்கியடித்துக் கிடந்தனர். வெளியே மேலும் நூறு பேர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவ்வூரில் தண்ணீர் இருந்தது, உணவு இருந்தது, கட்டுப்போடக் கிழிக்கத் துணியும் இருந்தது. ஆனாலும் மனிதர்கள் தாகத்தாலும் பசியாலும் இறந்தார்கள். எடுத்துக் கொடுக்கக் கைகள் போதவில்லை. எங்கே யார் கிடக்கிறார், யாரை முதலில் பார்ப்பது என்று ஒழுங்குபடுத்த ஆளில்லை. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தனர். பிடிபட்ட ஆஸ்திரிய மருத்துவர்களோ போர்க்கைதிகளாக அடைபட்டுக் கிடந்தார்கள். காயம் ஒரு பக்கம் அழுக, அதை ஆற்றத் தெரிந்த கைகள் மறுபக்கம் கட்டப்பட்டிருந்தன, எதிரி நாட்டுக் கைகள் என்பதற்காக.

டுனாண்ட் பெரிய கோவிலில் வேலையைத் தொடங்கினார். ஊர்ப் பெண்களையும் சிறுமிகளையும் கூட்டினார். சிறுவர்களை வாளி, குடுவைகளோடு அருகிலிருந்த ஊற்றுக்கு அனுப்பினார். அருள்தந்தை லொரென்சோ பார்சிட்சா அவருக்குத் துணைநின்றார். இந்த அருள்தந்தைக்கு வரலாற்று நூல்களில் ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. பங்குகளில் பணியாற்றும் நம் போன்றோருக்கு இது சற்றுக் குறையாகவே படுகிறது. ஒரு கல்வின் மரபுக்காரரும் ஒரு கத்தோலிக்கக் குருவும், இரு சபைகளும் ஒன்றையொன்று நம்பாத அந்தக் காலத்தில், ஒரே கோவிலில் தோளோடு தோள் நின்று காயங்களைக் கழுவினார்கள். வழியே வந்த பிற நாட்டுப் பயணிகளும் ஓரிருவர் சேர்ந்துகொண்டனர். அவர்களில் சிலர் அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் விலகியும் போயினர். டுனாண்ட் தம் வண்டிக்காரரை பிரேஷியா நகருக்கு அனுப்பி, எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டைகள், பஞ்சு, கட்டுத்துணி, புகையிலை எல்லாம் தம் செலவில் வாங்கிவரச் செய்தார். புகையிலை எதற்கு என்று நாம் கேட்கலாம். அழுகும் காயங்களின் நாற்றத்தைச் சற்றேனும் மறைக்கவும், மயக்கமருந்து இல்லாமல் காலை வெட்டும்போது வாயில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கவும் அது உதவியது.

அங்கு கிடந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தனர். அவர்கள் படையில் சேர்ந்த அல்ஜீரிய அரேபியர்கள் இருந்தனர். ஆஸ்திரியப் படையின் ஜெர்மானியர், ஹங்கேரியர், குரோவாசியர் எனப் பல இனத்தவரும் இருந்தனர். தொடக்கத்தில் ஊரார் ஆஸ்திரியரை அணுகத் தயங்கினார்கள். அந்நியப் படையாக ஆண்டவர்கள்மேல் கசப்பு இருக்கத்தானே செய்யும். டுனாண்ட் எந்த வேறுபாடும் பாராமல் பணிசெய்வதைக் கண்ட பெண்கள், எல்லாரும் சகோதரர்களே என்று தங்கள் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அனைவருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தச் சொல் இன்றும் செஞ்சிலுவைப் பணியாளர்களிடையே வழங்குகிறது.

இப்படிச் சொல்வதால் அவ்வூரார் எல்லாரும் ஒரே நாளில் மாறிவிட்டனர் என்று எண்ண வேண்டாம். அந்நாட்களில் ஒருமுறை, கைதிகளைக் கூட்டிவந்த ஒரு குதிரைப்படைப் பிரிவைப் பார்த்து, ஆஸ்திரியர் திரும்பி வருகிறார்கள் என்று வதந்தி பரவியது. உடனே சன்னல்களில் தொங்கிய வெற்றிக்கொடிகள் மறைந்தன. கதவுகள் அடைபட்டன. சிலர் அதுவரை தெருவில் விட்டிருந்த ஆஸ்திரியக் காயக்காரர்களை அவசர அவசரமாக வீட்டுக்குள் தூக்கிச் சென்று உபசரிக்கத் தொடங்கினார்கள்! டுனாண்டே இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மனிதர் நாம் இப்படித்தான் இருக்கிறோம்.

மூன்று நாட்கள், ஜூன் 25, 26, 27, டுனாண்ட் அங்கே உழைத்தார். லியோன் நகரைச் சேர்ந்த ஓர் இளம் படைவீரரின் இறுதிச் செய்தியை அவருடைய பெற்றோருக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றார். சற்று முன்னரே கவனித்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று கசப்போடு சொன்ன ஒரு முதிய வீரர் அன்று மாலையே இறந்ததைக் கண்டார். இந்தச் சற்று முன்னரே என்பதுதான் அவரை வாழ்நாள் முழுதும் விடாமல் துரத்தியது எனலாம். பின்பு பிரெஞ்சுத் தளபதி மக்மஹோனை நாடிச் சென்றார். கைதிகளாயிருந்த ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவிக்குமாறு அவர் எழுப்பிய குரலும் வீண்போகவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் பேரரசரின் ஆணை வந்தது. ஆலைக்காரியம் மட்டும் நடக்கவில்லை.

ஜெனீவா திரும்பிய டுனாண்ட் 1862இல் 'சோல்ஃபெரினோ நினைவு' என்ற நூலைத் தம் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பினார். நூலின் பெரும்பகுதி தாம் கண்டதைச் சொல்வது. கடைசிச் சில பக்கங்களில் இரண்டு வேண்டுகோள்கள். போர் இல்லாத காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் பயிற்சிபெற்ற தன்னார்வலர் சங்கங்கள் அமைக்கப்பட வேண்டும். அவர்கள் எந்தப் பக்கத்துக் காயக்காரரையும் கவனிக்க, எல்லா அரசுகளும் முன்கூட்டியே ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும்.

முன்கூட்டியே என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. இரக்கம் அவருக்கு முன்பும் இருந்தது. நம் திருச்சபையிலேயே புனித கமில்லஸ், 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் தந்த அனுமதியோடு, தம் சபையினரின் கறுப்பு அங்கியில் சிவப்புச் சிலுவையைத் தைத்து, நோயாளிகளிடமும் போர்க்களத்திலும் பணிசெய்ய அனுப்பினார். ஆனால் காஸ்தில்யோனேயில் கண்டது டுனாண்டுக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது: விபத்து நேர்ந்த பின் கூடுகிற நல்லெண்ணம் பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேரும். எல்லைக்கு அப்பால் இருக்கும் மருத்துவரை இப்பால் வரவிடுவது யார், அவருடைய கொடியை மதிப்பது யார் என்பதை அமைதிக் காலத்தில் உட்கார்ந்து பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். லூக்கா நற்செய்தியின் சமாரியர்கூட எண்ணெய் வார்த்துக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சாவடிக்காரரிடம் முன்பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் தொடாத பகுதி அது.

ஜெனீவாவில் குஸ்தாவ் மொய்னியே என்ற வழக்குரைஞர் இந்நூலைப் படித்துச் செயலில் இறங்கினார். தளபதி துஃபூர், மருத்துவர்களான அப்பியா, மொனுவார், இவர்களோடு மொய்னியே, டுனாண்ட் என ஐவர் குழு 1863 பிப்ரவரி 17 அன்று முதன்முறை கூடியது. இன்றைய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் பிறந்தநாள் அதுவே. மொய்னியே சட்டம் அறிந்தவர், நிதானமானவர், நடக்கக்கூடியதை மட்டும் கேட்பவர். டுனாண்ட் அதற்கு நேர்மாறு. மருத்துவப் பணியாளர்கள் நடுநிலையாளர்களாக அறிவிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை, குழுவைக் கேட்காமலேயே அவர் 1863இல் பெர்லினில் அச்சிட்டுப் பரப்பிவிட்டார். மொய்னியே எரிச்சலடைந்தார். ஆனால் அரசுகள் அதையே ஏற்றுக்கொண்டன. இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் இப்பணி நிலைத்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1864 ஆகஸ்ட் 22 அன்று ஜெனீவாவில் 12 நாடுகள் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் பத்தே பிரிவுகள். படை மருத்துவமனைகளும் அவற்றின் பணியாளர்களும் நடுநிலையானவர்கள். காயமுற்ற, நோயுற்ற வீரர் எந்த நாட்டவராயினும் எடுத்துவந்து கவனிக்கப்பட வேண்டும். காயமுற்றோருக்கு உதவும் ஊர்மக்களுக்கு எந்தத் தீங்கும் நேரக் கூடாது. காஸ்தில்யோனேயின் பெண்களே இப்பிரிவுக்குள் நின்று தண்ணீர் கொடுப்பதுபோல் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு படையும் தன் மருத்துவக் கூடாரத்துக்கு ஒவ்வொரு நிறக் கொடியை ஏற்றி வந்தது. எதிரிக்கு அது என்னவென்றே தெரியாது. இனி எல்லாருக்கும் ஒரே அடையாளம், வெள்ளையில் சிவப்புச் சிலுவை. சுவிஸ் நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றி வைத்த வடிவம் இது.

கையொப்பமிட்டவற்றில் டென்மார்க்கும் பிரஷ்யாவும் இருந்தன. அந்த ஆண்டுதான் அவ்விரண்டும் ஒன்றோடொன்று போரிட்டிருந்தன. சமாதான உடன்படிக்கை அதுவரை எழுதப்படவில்லை. ஆஸ்திரியா அன்று கையொப்பமிடவில்லை. 1866இல் பிரஷ்யாவிடம் பெருந்தோல்வி கண்டபின்தான் இணைந்தது. திருத்தந்தையின் ஆட்சியிலிருந்த நாடும் 1868இல் இணைந்தது.

அந்தக் கொடி எங்கும் எப்போதும் மதிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் 2009 பிப்ரவரி முதல் மே வரை, முல்லைத்தீவுக் கரையில் சிக்கியிருந்த நம் மக்களில் காயமுற்றோரும் நோயாளிகளும் ஆயிரக்கணக்கில் கடல்வழியே வெளியேற்றப்பட்டது அந்தக் கொடியின் கீழ்தான். முதலில் திருகோணமலைக்கும், பின்னர் இந்திய மருத்துவக் குழு கள மருத்துவமனை அமைத்திருந்த புல்மோட்டைக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

போர் இல்லாத இடங்களிலும் அந்த எண்ணம் வேர்விட்டிருக்கிறது. பிரனீஸ் மலையில் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து நடத்தும் செர்தான்யா மருத்துவமனை 2014இல் திறக்கப்பட்டது. இருபுறத்து மலைவாழ் மக்களுக்கும் அவசர சிகிச்சை ஒரே இடத்தில் கிடைக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, லொம்பார்டியின் பெர்கமோ நகரில் படுக்கை கிடைக்காத நோயாளிகளை விமானத்தில் ஏற்றி ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குக் கொண்டு சென்றனர். சோல்ஃபெரினோவும் அதே லொம்பார்டியில்தான் இருக்கிறது.

டுனாண்டின் கதைக்குத் திரும்புவோம். உடன்படிக்கை வெற்றிபெற்ற மூன்றே ஆண்டுகளில் அவர் வீழ்ந்தார். பொதுப்பணியில் மூழ்கித் தொழிலைக் கவனிக்காமல் விட்டிருந்தார். 1867இல் அவர் சம்பந்தப்பட்ட வங்கி நொடித்தது, அவரும் திவாலானார். அவரை நம்பிப் பணம் போட்ட உறவினரும் நண்பரும் இழந்தது பெருந்தொகை. 1868இல் ஜெனீவா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. செஞ்சிலுவைக் குழுவிலிருந்தும் விலக்கப்பட்டார். மொய்னியே அவரை மன்னிக்கவே இல்லை. கடன் பட்டவரிடம் கடுமை காட்டிய கால்வினின் நகரத்தில் அவருக்கு இடமும் இல்லை. ஜெனீவாவுக்கு அவர் பிறகு திரும்பவே இல்லை. பணம் இழந்தவர்களின் கோபம் நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் எதிரி வீரனுக்கும் ஒரு படுக்கை வேண்டும் என்று கேட்டவர் பாரிசில் தொடர்வண்டி நிலையக் காத்திருப்பு அறைகளில் உறங்கினார். நைந்த கோட்டின் வெளுத்த இடங்களுக்கு மை பூசினார். சட்டைக் கழுத்துப் பட்டைக்குச் சுண்ணக்கட்டி தேய்த்தார். தம்மிடம் அடுத்த வேளைக்கு இல்லாதபோதும், 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதியபோது பாரிசில் காயமுற்றோருக்கான பணியில் இறங்கினார்.

1887இல் கிழக்கு சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்னும் மலையூருக்கு வந்து சேர்ந்தார். கீழே போடன் ஏரி. அதன் கரைகளில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா என மூன்று நாடுகள். 1892 முதல் அவ்வூர் மருத்துவமனையின் 12ஆம் எண் அறையே அவர் வீடு. மருத்துவர் அல்தேர் அவரைக் கவனித்துக்கொண்டார். உலகமோ அவர் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தது.

1895இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியவர் கெயோர்க் பவும்பெர்கர். சங் காலென் நகரின் கத்தோலிக்க நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் இவர். அந்தக் கட்டுரை ஐரோப்பா முழுதும் பரவியது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவருக்குச் செய்தி அனுப்பினார். இரஷ்யப் பேரரசி ஓய்வூதியம் வழங்கினார். 1901இல் முதன்முதலாக அளிக்கப்பட்ட நோபல் அமைதிப் பரிசு, பிரான்சின் ஃபிரெடெரிக் பாசியோடு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கடன்காரர்கள் கைக்கு அகப்படாதபடி அப்பணத்தை நார்வே மருத்துவர் ஹான்ஸ் தே அந்நாட்டு வங்கியிலேயே பத்திரப்படுத்தினார்.

முதுமையில் டுனாண்ட் மகிழ்ச்சியாக இருந்தார் என்று எழுத முடியவில்லை. கடன்காரர்களும் மொய்னியேயும் தம்மை வேவு பார்ப்பதாக அஞ்சினார். உணவில் நஞ்சு இருக்கும் என்று ஐயுற்று, தம் கண்முன் பிறர் சுவைத்துப் பார்த்த பின்பே உண்டார். இளமையில் அவ்வளவு பக்தியோடிருந்தவர், எல்லாத் திருச்சபைகளையும் விட்டு விலகி நின்றார். எந்தச் சபைக்கும் அவரைத் தன்னவர் என்று உரிமை கொண்டாட முடியாது, நம்மையும் சேர்த்து. 1910 ஆகஸ்டில் மொய்னியே இறந்தார். இருவரும் ஒப்புரவாகவில்லை. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 30 அன்று டுனாண்டும் ஹைடனில் இறந்தார். அவர் விரும்பியபடி எந்தச் சடங்கும் இன்றி சூரிக் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

நோபல் பணத்தை அவர் தமக்கெனச் செலவழிக்கவில்லை. உயிலில் நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள அறச் சங்கங்களுக்குப் பிரித்து எழுதியிருந்தார். கடனையும் அடைக்க எண்ணியிருந்தார். அதற்கு அது போதவில்லை. ஹைடன் மருத்துவமனைக்கு ஒரு தொகை வைத்திருந்தார், அவ்வட்டார ஏழைகளில் நோயுற்று வருபவருக்கு எப்போதும் ஒரு படுக்கை இலவசமாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று.